ட்ராக் பாடுகிறவள்

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இந்த அறையின் ஏசி நேராக உங்கள் கழுத்தில் அடிக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டால் நல்லது. அடிக்கடி செருமாதீர்கள். செருமினால் கரகரப்புப் போவது போலத் தோன்றும், உண்மையில் கூடும். ஒரு மிடறு தண்ணீர் குடித்து மெதுவாக விழுங்குங்கள், அது போதும். மற்றவர்களுடைய தொண்டையைப் பார்த்தே காலம் போய்விட்டதால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னை யாரும் இங்கே கூப்பிடவில்லை. பொலிஸ் நிலைய வாசலில் நிற்கும் கொஸ்தாப்பல் அதை நம்பவேயில்லை. "நோனா முறைப்பாடு கொடுக்கவா வந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம், என் மேல்தான் என்றேன். சிரித்துவிட்டார். பிறகு, தமிழில் எழுத இங்கே நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்று உங்களிடம் அனுப்பினார். நல்லதாய்ப் போயிற்று. பெண்ணிடம் சொல்வது எனக்குச் சுலபம்.

நான் வந்த காரணம் பேர்ணடெற். டெனிஷாவின் அம்மா. அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வாசலிலிருந்து அந்தோனியாரின் சுரூபச் சிலை வரை முழங்காலில் போகிறாள். முழங்கால் தோல் உரிந்து, ஆறுவதற்குள் அடுத்த செவ்வாய் வந்துவிடுகிறது. மகளின் குரலை அந்தோனியார் எடுத்துக்கொண்டார் என்று நம்புகிறாள். அந்தோனியார் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஒரு தாய் செய்யாத குற்றத்துக்கு முழங்காலில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான். மற்றதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ரஜனி. ரஜனி இராஜநாயகம். வெள்ளவத்தையில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். தொழில், ட்ராக் பாடுவது. அதென்ன என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள்; எல்லோரும் அப்படித்தான். ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு முடித்ததும், அதைப் பாடப்போகிற பாடகி கேட்டுப் படிப்பதற்காக முதலில் ஒருத்தி பாடிக் கொடுப்பாள். பாடகி வந்து அதைக் காதில் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் மூச்செடுத்து, அதே இடத்தில் குழைத்துப் பாடுவார். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். அழிக்காவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதில்லையா? கொழும்பில் பதிவான எத்தனையோ பாட்டுகளுக்கு நான் சாரமாக இருந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு நாளும் மனக்குறை இருந்ததில்லை.

இளவயதில் ஒரு தடவை தொலைக்காட்சியில் பாடக் கூப்பிட்டார்கள். ஒத்திகை முடிந்ததும் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர், "தங்கச்சி, குரல் கமெராவுக்கு வருது, முகம் வரேல்லை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். நல்ல பகிடி அது, இப்போதும் சொற்களோடு ஞாபகமிருக்கிறது.

சிலுசிலு என்ற குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஃபோனில்கூட அவர்களுடைய பாட்டு இருக்கலாம். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வாரா வாரம் பாடவைத்து, பார்க்கிறவர்களை வாக்குப் போடச் சொல்லி, கடைசியில் நான்கு பெண்பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு குழுவாக்கினார்கள். ஹெவ்லொக் டவுனிலிருந்து துஷாந்தினி. மருதானையில் தையல்கடைக்காரரின் மகள் டிலானி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சிவரூபி. கொட்டாஞ்சேனையிலிருந்து டெனிஷா. நால்வரும் இருபதைச் சுற்றிய வயது. குழுவின் தயாரிப்பாளர் கிருபாகரன் அவர்களுக்கு வெள்ளவத்தையில், கடல்பக்க ஒழுங்கையில் ஒரு ஃபிளாட் எடுத்துக் கொடுத்து, குரல் பழக்கவும் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் என்னை வைத்தார்.

"ரஜனி அக்கா, பிள்ளையளின்ர தாய்மார் என்னை நம்பமாட்டினம். உங்களை நம்புவினம்" என்றார்.

நம்பினார்கள். முதல் நாள் பேர்ணடெற் ஒரு பெட்டி நிறைய மீன் கட்லட் செய்து கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், இவ அப்பா ஹார்பர்ல வேல. நான் வீட்டோட இருக்கிறவ. எங்களுக்கு இந்தப் பாட்டு கீட்டு ஒண்ணும் வெளங்காது. இனி நீங்கதான் இவளுக்குத் தாய்" என்றாள். அந்தச் சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே நான் இலேசாக எடுப்பதில்லை.

அந்த ஃபிளாட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பின்னால் ரயில் பாதை. ரயில் வந்தால் ஒன்றும் கேட்காது, பயிற்சியை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்த சுரத்தை அப்படியே பிடித்து நிற்பார்கள். ரயில் போன பிறகு யாருடைய குரல் இன்னும் நிற்கிறதோ அவள்தான் வென்றவள், அன்று அவள் பாத்திரம் கழுவத் தேவையில்லை. டெனிஷா அந்த வீட்டில் ஒரு கோப்பைகூடக் கழுவியதில்லை.

"இவளுக்கு நெஞ்சுக்குள்ள நுரையீரல் இல்லை அக்கா, காஸ் சிலிண்டர்" என்பாள் துஷாந்தினி.

"பொறாம புடிச்ச கழுத. நீ கழுவு, நல்லாத் தேச்சுக் கழுவு" என்பாள் டெனிஷா.

"காஸ் தட்டுப்பாடு வரட்டும், அப்ப பாப்பம்."

சிவரூபி சிரித்துச் சிரித்து விக்கலெடுத்துவிடுவாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கல்யாணம் முடிக்கவில்லை. வீடு என்றால் என்ன சத்தம் கேட்கும் என்பது எனக்கு அங்கேதான் தெரியவந்தது.

டெனிஷாவின் குரலைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல குரல். கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த குரல், அதனால் மேலே போகப் பயமில்லை. ஆனால் அவளுக்கு அதன் பெறுமதி தெரியாது. ஐஸ்கிரீம் தின்றுவிட்டுப் பாடுவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்து பாடுவாள். நான் பாடிக் கொடுத்ததை ஒரு தடவை கேட்டுவிட்டு, நான் எத்தனையோ நாள் யோசித்து வைத்த ஒரு குழைவை, வாயைத் துடைத்துக்கொண்டே பாடிவிடுவாள். பிறகு என்னைப் பார்த்து, "செரியா மிஸ்?" என்பாள். சரி என்பேன். சரியாகத்தான் இருக்கும்.

குழு நன்றாகப் போனது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் எல்லாம் மேடை. நுகேகொடையில் ஒரு கடைத் திறப்புக்குப் போனபோது சிங்களப் பிள்ளைகள்கூட வரிகள் விளங்காமலே கூடப் பாடினார்கள். மேடைகளில் நான் ஒலிக்கலவை செய்கிறவருக்குப் பக்கத்தில், இருட்டில் நிற்பேன். எனக்கு அதுதான் பழகிய இடம்.

ஒரு நாள் கிருபாகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் கேட்டிருக்கிறார். குழுவை அல்ல, டெனிஷாவை மட்டும். "அவளை மறிக்கேலாது அக்கா. கொன்ட்ராக்ட்டில விலகிப் போக வழியிருக்கு. ஆனா அவள் போனா மற்ற மூண்டு பேரையும் வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? டீவி சனல்காரர் ஃபிளாட்டையும் மூடச் சொல்லுவாங்கள்."

அன்று வீட்டில் கொண்டாட்டம். கேக் வெட்டினார்கள். சிவரூபி எல்லோரையும் விட அதிகமாகக் கைதட்டினாள். பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாக, "மிஸ், நான் திரும்பிப் போனா அப்பா யாருக்காச்சும் கட்டிக் குடுத்துருவாரு. வேற ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன்" என்றாள். சும்மா சொன்னேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சும்மா இல்லை. நான் அந்த மூன்று பேரைப் பற்றி யோசித்தேன். ஒருத்திக்காக மூவர் வீடு திரும்புவது எந்த நியாயத்தில் சேரும்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். நீங்கள் எழுதத்தான் இருக்கிறீர்கள்.

சென்னைக்குப் போக முன்னர் குழுவுக்காக ஒரு கடைசிப் பாட்டுப் பதிவு செய்வதாக இருந்தது. அதற்கு முன்னால் காலிமுகத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு வெளிமேடை நிகழ்ச்சி. கடல் காற்று, தூசி, சரியாகக் கேட்காத மொனிட்டர். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் பாடுகிறவள் கத்துவாள். டெனிஷா கத்தினாள். மூன்றாவது பாட்டில் குரல் சட்டென்று நூல் அறுந்தது போல் அறுந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை, துஷாந்தினி அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது.

மறுநாள் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தொண்டைக்கு மருந்து தெளித்து மரக்கவைத்து, குழாய் விட்டுப் பார்த்தார். அவளுக்குக் குமட்டல் வந்து, கண்ணெல்லாம் நீராகி, வாய் கொப்பளிக்க வெளியே போனாள். அந்த இடைவெளியில் டொக்டர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர், தெளிவாகச் சொன்னார். குரல்நாணில் சின்ன இரத்தக் கசிவு. பயப்பட ஒன்றுமில்லை, இளம் பிள்ளை, சுத்தமாக ஆறிவிடும். இரண்டு வாரம் முழு மௌனம். பாடக்கூடாது, பேசக்கூடாது, முனகக்கூடாது. முக்கியமாகக் கிசுகிசுக்கக் கூடாது, அது உரத்துப் பேசுவதை விடக் கெடுதல். இந்தப் புண்ணோடு பாடினால் தழும்பாகிவிடும், தழும்பானால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றேன். எனக்கு அது முன்பே தெரியும்.

டெனிஷா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். லிஃப்டில் இறங்கும்போது கைகளால் கேட்டாள், என்னவாம் என்று.

இந்த இடத்தை நான் பல தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது? கோபம் இல்லை. பொறாமை இருந்ததா என்று தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. ஸ்டூடியோவில் தடித்த கதவைச் சாத்தினால் காதுக்குள் ஓர் அமுக்கம் வரும், வெளிச்சத்தம் ஒன்றுமிருக்காது, தன் இரத்தம் ஓடுவதே தனக்குக் கேட்கும். அந்த அமைதிதான் இருந்தது. நான் சொன்னேன்: "ஒன்றுமில்லை பிள்ளை. இலேசான வீக்கம். இரண்டு கிழமைக்குச் சத்தமாகக் கதைக்காதே. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிசுகிசுத்துச் சொல்லு. காலையில் என்னோடு கொஞ்சம் ஹம்மிங் மட்டும் செய். குரலைச் சும்மா விட்டால் துருப்பிடித்துவிடும்."

அவள் தலையாட்டினாள். நிம்மதியாகி என் தோளில் சாய்ந்துகொண்டாள். லிஃப்ட் கீழே வந்துவிட்டது.

அதன் பிறகு நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. சொன்னதை மாற்றாமல் இருந்தேன், அவ்வளவுதான். காலையில் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்க வைத்தேன், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், கழுத்துக்குச் சால்வை சுற்றிவிட்டேன். பிறகு சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு இருவரும் ஹம்மிங் செய்தோம். சில நாள் கழித்துச் சுருதியை அரைக்கட்டை கூட்டினேன். அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நான் காரணமில்லாமல் செய்யமாட்டேன் என்று நினைத்திருப்பாள்.

வீடே கிசுகிசுத்தது. அவள் கிசுகிசுக்கிறாள் என்பதால் மற்றவர்களும் விளையாட்டுக்குக் கிசுகிசுத்தார்கள். ஒரு நாள் துஷாந்தினி ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கூகிளில கிசுகிசுக்கவும் கூடாதெண்டு போட்டிருக்கு. கதைக்கிறதை விட அதுதான் மோசமாம்."

"கூகிள் எங்க படிச்ச டொக்டர்? பேராதனையிலயோ, கொழும்பிலயோ?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டெனிஷாதான் அதிகம் சிரித்தாள், சத்தமில்லாமல், தோள் குலுங்க. துஷாந்தினி மட்டும் ஃபோனில் இருந்ததை இன்னொருமுறை வாசித்தாள். பிறகு, "ஓம், நீங்கள் டொக்டரோட கதைச்சனீங்கள்தானே" என்று ஃபோனை வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளையை நீங்கள் கூப்பிட்டு விசாரித்தால் இதைச் சொல்வாள். அவள் மேல் பிழையில்லை.

ஒரு காலை டெனிஷா ஹம்மிங்கை நிறுத்தி, தொண்டையைத் தொட்டுக்காட்டி, "மிஸ், நோகுது" என்றாள். நோவது ஆறுவதற்கு அடையாளம் என்றேன். தொடர்ந்து செய்தாள். அந்தப் பிள்ளையிடம் கீழ்ப்படிவு இருந்தது. கோயிலில் வளர்ந்த பிள்ளை.

டொக்டர் திரும்பக் காட்டச் சொன்ன நாளில் நான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, சுகமாகிவிட்டது, வரவில்லை என்றேன். டெனிஷாவிடம் டொக்டர் வெளிநாடு போய்விட்டார், பாடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்றேன். பிறகு பழையபடி பயிற்சி. முதல் இரண்டு நாள் குரல் வந்தது, கொஞ்சம் தடிப்பாக. நான் இன்னும் மேலே, இன்னும் மேலே என்றேன். அவள் போனாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தாள். ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்த பிறகும் ஒன்றும் இல்லை.

அவள் அழுததும் சத்தமில்லாமல்தான். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பேர்ணடெற் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "ஐயோ, நான் செஞ்ச வென" என்றாள். அப்போதுதான் அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி பற்றி எனக்கு முழுதாகச் சொன்னாள். அந்தோனியார் இறந்து உடல் மண்ணான பிறகும் நாக்கு அழியாமல் இருந்ததாம். அதில் ஒரு சின்னத் துண்டு கொச்சிக்கடையில் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நின்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்: மகள் போட்டியில் வென்றால் அவருடைய திருநாளில் முதல் பாட்டு அவருக்கு. வென்றாள். திருநாளும் வந்தது. கொன்ட்ராக்ட்படி வெளியே பாடக்கூடாது என்று டெனிஷாவைத் தடுத்தது நான்தான். கிருபாகரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டிருப்பார்; கோயில்தானே. நான் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சின்ன விஷயம்தான்.

"நாக்குக் குடுத்தவருக்கே குடுத்த வாக்க மாத்தினேன் மிஸ். அவர் எடுத்துட்டார்" என்றாள்.

நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு காரணம் கிடைப்பது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். இன்னொரு விஷயம், அந்தோனியார் மேல் பழி விழுந்ததால் அவர்கள் டொக்டரிடம் போகப் பிந்தினார்கள். ஒன்பது செவ்வாய் நவநாள் முடிந்த பிறகுதான் வேறொரு டொக்டரிடம் காட்டினார்கள். தழும்பு என்று சொல்லிவிட்டார். இனிப் பேசலாம், கரகரவென்று. பாட முடியாது. அந்த டொக்டர் என்ன காரணம் சொன்னாரோ, பேர்ணடெற்றின் காதில் ஏறவில்லை. அவளுக்குக் காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இதற்கிடையில் பதிவு நாள் வந்தது. ஸ்டூடியோ, வாத்தியக்காரர்கள், விளம்பரம், எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது. கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, இப்போதைக்கு டெனிஷாவின்ர பகுதியை நீங்கள் பாடி விடுங்கோ. அவளுக்குச் சுகமானதும் அழிச்சுப்போட்டு அவளின்ர குரலைப் போடுவம்."

வழமையான ட்ராக் வேலைதான். பாடிக் கொடுத்தேன்.

அழிக்கவில்லை. அழிப்பதற்கு அதன் மேல் வைக்க வேறு குரல் வரவில்லை. கிருபாகரன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு, "பேசாமல் இப்பிடியே விடுவமா? பெயர் அவளின்ர பெயராகவே இருக்கட்டும். பாவம், பிள்ளைக்கு ஒரு ஆறுதல்" என்றார். நான் சரி என்றேன். டெனிஷாவும் சரி என்றாள். சிவரூபியும் டிலானியும் அவள் மடியில் படுத்து அழுதபோது அவளால் வேறென்ன சொல்ல முடியும்? சென்னைக்கு ஏதோ காரணம் சொல்லிவிட்டார்கள். பேர்ணடெற்றிடம், குரல் போக முன்னமே பதிந்த பாட்டு என்றார்கள். வீடு மூடப்படவில்லை. நான் நினைத்தபடி நால்வரும் ஒன்றாகவே இருந்தார்கள். நான் இதைச் செய்ததன் பலன் அது. அதை நீங்கள் மறக்கக் கூடாது.

வெளியீட்டு நிகழ்ச்சியில் டெனிஷா வெள்ளை உடுப்பில் நடுவில் நின்று வாயசைத்தாள். வாயசைப்பதற்கும் நான்தான் பழக்கினேன். எந்த எழுத்துக்குத் தாடை இறங்க வேண்டும், எங்கே மூச்செடுப்பது போல மார்பு எழ வேண்டும் என்று. நான் மூச்செடுத்த இடத்தில் அவள் மார்பு எழுந்தது. நான் குழைத்த இடத்தில் அவள் கண்ணை மூடினாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். நான் இருட்டில், ஒலிக்கலவைக்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். டெனிஷா கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கியபோது, நானும் இருட்டில் கொஞ்சம் குனிந்தேன். ஏன் குனிந்தேன் என்று தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நான் எங்கேயும் குனிந்து வணங்கியதில்லை.

பாட்டு எங்கும் பரவிவிட்டது. ஓட்டோக்களில், கல்யாண மண்டபங்களில், காலி வீதிக் கடைகளில். போன மாதம் வருடத்தின் சிறந்த குரல் என்று ஒரு விருது கொடுத்தார்கள். டெனிஷாவுக்கு. அவள் மேடையில் பேசாமல் சிரித்துவிட்டு இறங்கினாள். அடக்கமான பிள்ளை என்று பத்திரிகையில் போட்டார்கள்.

கடந்த செவ்வாய் பேர்ணடெற்றோடு நானும் கொச்சிக்கடைக்குப் போனேன். நான் சைவ சமயம், ஆனாலும் கூப்பிட்டாள், போனேன். அவள் முழங்காலில் போக, நான் பக்கத்தில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். அவள் முழங்காலில் இரத்தம் கசிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பிறகு வெளியே வந்து மெழுகுதிரி விற்கிற ஒரு பெண்ணிடம் நின்றோம். றோஸி என்று பெயர், பேர்ணடெற்றுக்குத் தெரிந்தவள். அவளுடைய ஃபோனில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பேர்ணடெற் அக்கா, ஒங்க புள்ளயோட கொரலக் கேட்டா எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குது. மோட்சத்துச் சம்மனசு பாடுற மாதிரி இருக்கு. இப்பிடி ஒரு கொரல் இந்த ஊர்லயே இல்ல" என்றாள் றோஸி.

பேர்ணடெற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, அப்படி ஒரு பெருமையோடு சொன்னாள்: "ஓம், எங்கட டெனிஷாதான். அவ கொரல்தான்."

நான் அங்கேதான் நின்றேன். கைப்பை என் கையில் இருந்தது. றோஸி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

"டீச்சர்" என்றாள் பேர்ணடெற்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். அந்த அப்பாவித் தாயின் முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது. இதை இனியும் மறைப்பது பாவம் என்று தோன்றியது. அதனால் வந்தேன். டெனிஷா ரீட்டா பேர்ணாண்டோவின் குரலைத் திட்டமிட்டுக் கெடுத்தது நான். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. இதற்கு என்ன தண்டனையோ, நான் மறுத்துப் பேசமாட்டேன்.

கையெழுத்து வைப்பதற்கு முன்னால் ஒன்று. அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தில், மேலே போய் அங்கேயே நிற்கிற நீளமான ஒரு வரி இருக்கிறதல்லவா? எல்லோரும் ஃபோனில் பாடிப் பார்த்துப் பாதியில் விட்டுவிடுகிற வரி. டெனிஷா நல்ல சுகமாக இருந்த காலத்தில்கூட, பயிற்சியில், அதை இரண்டாக உடைத்துத்தான் பாடினாள். நான் ஒரே மூச்சில் பாடினேன். மெஷினில் எதுவும் திருத்தவில்லை. சவுண்ட் எஞ்சினியரைக் கூப்பிட்டு விசாரியுங்கள், சொல்வார். அதை மற்றதோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். பக்கத்தில் என் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து முழுதாகப் போடுங்கள்.

எழுதிவிட்டீர்களா? அந்த இடத்தை மட்டும் எனக்கு ஒருமுறை உரத்து வாசித்துக் காட்டுங்கள். பேர்ணடெற்றுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.